கத்தி, கௌரவம், கணக்கு: 1500 முதல் 1800 வரை ஐரோப்பாவில் நடந்த கொலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்களையோ, சூனியக்காரிகள் என்று சொல்லி எரித்ததையோ பற்றிய பக்கம் இது அல்ல. ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் கொன்றதைப் பற்றியது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து வருகின்றன. பழைய பிரேத விசாரணைப் பதிவுகள் அங்கேதான் நிறையத் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

அந்தக் காலத்தில் ஒரு கொலை எப்படி நடக்கும்? ஒன்றையாவது விவரமாகச் சொல்ல முடியுமா?

முடியும். 1593 மே 30. லண்டனுக்குக் கீழே, தேம்ஸ் கரையில் டெப்ட்ஃபர்ட் என்ற ஊர். எலினோர் புல் என்ற விதவையின் வீட்டில் நாலு ஆண்கள் காலை பத்து மணிக்கே கூடிவிட்டார்கள். மதியம் சாப்பிட்டார்கள், தோட்டத்தில் பேசிக்கொண்டே நடந்தார்கள், மாலை ஆறு மணிக்கு உள்ளே வந்து இரவுச் சாப்பாடும் சாப்பிட்டார்கள். அப்புறம், யார் பணம் கொடுப்பது என்பதில் வாக்குவாதம்.

ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். இன்னொருவரான இங்க்ரம் ஃப்ரைசர், கட்டிலுக்கு முதுகைக் காட்டியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடமும் வலமும் மற்ற இருவர். கட்டிலில் இருந்தவர் எழுந்து ஃப்ரைசரின் இடுப்பிலிருந்த கத்தியையே உருவி, அவர் தலையில் இரண்டு காயம் போட்டார். இருவர் நடுவில் சிக்கிய ஃப்ரைசருக்கு நகர இடமில்லை. இழுபறியில் கத்தி கை மாறியது. கட்டிலில் இருந்தவரின் வலது கண்ணுக்கு மேலே இரண்டு அங்குல ஆழம், ஒரு அங்குல அகலத்தில் காயம். அந்த இடத்திலேயே சாவு. இறந்தவர் நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ. வயது 29.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 1 அன்று, சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரியான கொரோனர் வில்லியம் டான்பி உடலைப் பார்வையிட்டார். உள்ளூர்க்காரர்கள் 16 பேர் ஜூரிகளாக நின்றார்கள். காயத்தை அளந்தார்கள். கத்தியின் விலை 12 பென்ஸ் என்று எழுதினார்கள். உயிரைப் பறித்த பொருள் அரசுக்குச் சேர வேண்டும் என்பது அன்றைய சட்டம், அதனால்தான் விலை. ஃப்ரைசர் தற்காப்புக்காகவே குத்தினார் என்பது அவர்கள் தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் அரசியின் மன்னிப்பு வந்தது.

அந்த வீட்டில் நடந்ததாக நான் மேலே சொன்னதெல்லாம் அந்த ஒரு விசாரணை அறிக்கையிலிருந்து வருவது. 1925இல்தான் அது ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

அது புகழ்பெற்ற ஒருவரின் சாவு. சாதாரண மக்களும் இப்படித்தான் கொல்லப்பட்டார்களா?

பெரும்பாலும் ஆமாம். பெயர்களை மாற்றிப் போட்டால் நூற்றுக்கணக்கான வழக்குகளுக்கு இதே கதை பொருந்தும். கொன்றவரும் ஆண், செத்தவரும் ஆண். முன்பின் தெரிந்தவர்கள், பல சமயம் ஒரே மேசையில் குடித்தவர்கள். முதலில் ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு தள்ளு, அதற்குப் பிறகுதான் கத்தி. சாட்சிகள் ஏராளமாக இருப்பார்கள். மறைந்திருந்து, திட்டமிட்டு, விஷம் வைத்துக் கொன்ற கதைகள் அன்றைய மலிவுப் பிரசுரங்களில் சக்கைப்போடு போட்டன. நீதிமன்றப் பதிவுகளில் அவை குறைவு.

'நீ பொய்யன்' என்று ஒருவரை நாலு பேர் முன்னால் சொல்வது சின்ன விஷயம் இல்லை. தலையிலிருந்து தொப்பியைத் தட்டிவிடுவதும் அப்படித்தான். வாங்கிக்கொண்டு சும்மா போனால் மறுநாள் ஊரில் தலைகாட்ட முடியாது. ஆம்ஸ்டர்டாமில் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் கத்திச்சண்டைக்காரர்களுக்கு எழுதப்படாத விதிகளே இருந்தன: மதுக்கடைக்கு வெளியே வர வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், ஒருவருக்கு எதிராக ஒருவர்தான் நிற்க வேண்டும். மேட்டுக்குடியினர் வாளால் செய்ததை இவர்கள் ரொட்டி நறுக்கும் கத்தியால் செய்தார்கள்.

எவ்வளவு பேர் செத்தார்கள்? எண்ணிக்கை உண்டா?

உண்டு. ஆனால் எல்லாமே தோராயம். டெட் ராபர்ட் கர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1981இல் இங்கிலாந்துக்கான பழைய மதிப்பீடுகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார். கோடு மேலிருந்து கீழே சரிந்தது. பிறகு மானுவேல் ஐஸ்னர் என்ற குற்றவியல் ஆய்வாளர் ஐரோப்பா முழுவதற்கும் தரவுகளைத் திரட்டினார். அவர் கணக்குப்படி லட்சம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை கொலை என்று பார்த்தால், இங்கிலாந்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சுமார் 23. 16ஆம் நூற்றாண்டில் 7, 17இல் 5, 18இல் ஒன்றரை. இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதியில் 15ஆம் நூற்றாண்டில் 45 அளவில் இருந்தது, 17ஆம் நூற்றாண்டில் 10க்குக் கீழே வந்துவிட்டது. ஸ்காண்டிநேவியாவில் சரிவு தாமதம், 17ஆம் நூற்றாண்டிலும் 18 அளவில் இருந்தது. இத்தாலிதான் விதிவிலக்கு. 17ஆம் நூற்றாண்டிலும் அங்கே 30ஐத் தாண்டியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: இந்தியாவில் 2022இல் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதாவது லட்சத்துக்கு 2 என்ற அளவு.

இந்தச் சரிவு ஒரே நேர்க்கோடாகவும் இல்லை. இங்கிலாந்தில் 1580களிலிருந்து 1620கள் வரை கொலை வழக்குகள் ஏறின. 1594 தொடங்கி அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்ததும் அதே காலத்தில்தான். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இறக்கம் உறுதியாகத் தெரிகிறது.

பழைய பதிவுகளை எப்படி நம்புவது?

கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒதுக்கித் தள்ளவும் கூடாது.

கொரோனர் பதவி இங்கிலாந்தில் 1194இலேயே வந்துவிட்டது. இலங்கை வாசகர்களுக்கு 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்றால் உடனே புரியும். தமிழ்நாட்டில் போலீஸ் பிரேத விசாரணையில் பஞ்சாயத்தார் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜூரிகள் யார் என்று விளங்கும்: அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள ஆண்கள். 1487இல் ஒரு சட்டம் வந்தது. கொலை என்று முடிவாகும் ஒவ்வொரு விசாரணைக்கும் கொரோனருக்கு 13 ஷில்லிங் 4 பென்ஸ் கட்டணம். விபத்துச் சாவுக்கு ஒன்றும் கிடையாது. இதன் விளைவை நீங்களே ஊகிக்கலாம். தூரத்துக் கிராமத்தில் ஒரு கூலியாள் கிணற்றில் மிதந்தால், சம்பளம் இல்லாமல் நாள் முழுக்கக் குதிரை ஓட்டிப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்? 1752இல்தான் இது சரியானது. முறைப்படி நடத்திய எந்த விசாரணைக்கும் 20 ஷில்லிங், அதோடு மைலுக்கு 9 பென்ஸ் பயணப்படி.

இன்னொரு சிக்கல் மக்கள்தொகை. இங்கிலாந்தின் முதல் கணக்கெடுப்பு 1801இல்தான் நடந்தது. அதற்கு முன்னால் தேவாலயங்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும், அவையும் 1538இல் தொடங்கியவை. 5,000 பேர் வாழும் ஊரில் ஒரே ஆண்டில் ஒரு கொலை நடந்தாலே லட்சத்துக்கு 20 ஆகிவிடும். அதனால் ஒரு ஊரின் ஓராண்டு எண்ணை வைத்து யாராவது பெரிதாகப் பேசினால் கவனமாக இருங்கள். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு வகை ஆவணங்களிலிருந்து எடுத்த எண்களும் ஒரே திசையில் இறங்குகின்றன. என்னை நம்ப வைப்பது அதுதான்.

காயத்தைக் குணப்படுத்த முடியாததால்தான் இவ்வளவு சாவா?

ஓரளவுக்கு. குத்துப்பட்ட பலர் அன்றே சாகவில்லை. காயம் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, ஒரு வாரமோ மூன்று வாரமோ கழித்துச் செத்தார்கள். காயம்பட்டு ஓராண்டும் ஒரு நாளும் கழிவதற்குள் இறந்தால் அது கொலை என்று இங்கிலாந்துச் சட்டம் எல்லை வகுத்திருந்தது. இன்றைய மருத்துவமனை இருந்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

ஆனால் கொலை குறைந்ததற்கு மருத்துவம் காரணம் அல்ல. அறுவைச் சிகிச்சை மருத்துவர் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தப்படுத்தும் முறையை வெளியிட்டது 1867இல். கொலைகளோ அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன. மருத்துவம் மாறாத காலத்தில் மனிதர்கள் கத்தியெடுப்பது குறைந்தது.

கொன்றவர்களுக்கெல்லாம் தூக்குத்தானா?

இல்லை. திட்டமிட்ட கொலைக்குத் தூக்கு. திடீர்ச் சண்டையில் ஆத்திரத்தில் கொன்றால் அது கைமோசக் கொலை, அதற்கு ஒரு வழி இருந்தது. அதன் பெயர் குருமார் சலுகை. பாதிரியார்களை அரசு நீதிமன்றம் தூக்கிலிட முடியாது என்ற இடைக்கால ஏற்பாடு, காலப்போக்கில் வாசிக்கத் தெரிந்த எந்த ஆணுக்கும் பொருந்தும் சலுகையாக நீண்டுவிட்டது. தேர்வு என்ன? பைபிளைத் திறந்து ஒரு வசனத்தை வாசிக்க வேண்டும். வழக்கமாகக் கொடுப்பது 51ஆம் சங்கீதம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வரிதான்: 'தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்.' கழுத்தைக் காப்பாற்றியதால் அதற்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர். வாசித்துவிட்டால் கட்டைவிரலில் சூடு போட்டு விட்டுவிடுவார்கள். மறுமுறை இந்தச் சலுகை கிடைக்காது, அதற்குத்தான் அடையாளம்.

1598 செப்டம்பரில் நாடகாசிரியர் பென் ஜான்சன், கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரை லண்டனின் ஹாக்ஸ்டன் வயலில் வாள்சண்டையில் கொன்றார். அவர் உயிர் தப்பியது இந்த வழியில்தான். விரலில் சூட்டோடு வெளியே வந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக்கு இந்த வாசல் திறக்கவில்லை என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. பெண்களுக்கும் 1690களில்தான் ஆண்களுக்குச் சமமாக இது கிடைத்தது. வாசிப்புத் தேர்வையே 1706இல் எடுத்துவிட்டார்கள். இதற்கிடையே 1604இல், ஆயுதம் எடுக்காதவனைக் குத்திக் கொன்றால் இந்தச் சலுகையே கிடையாது என்று தனிச் சட்டம் வந்தது.

திட்டமிட்ட கொலை, ஆத்திரத்தில் நடந்த கொலை என்ற இந்தப் பிரிவினை நமக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 300ஆம் பிரிவில் 'திடீர்ச் சண்டை', 'கடுமையான திடீர்த் தூண்டுதல்' என்று விலக்குகள் வைத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவிலும் அவை இருக்கின்றன.

பிரபுக்கள் இதையெல்லாம் தாண்டியவர்களா?

தாண்டியவர்கள் இல்லை, முன்னணியில் நின்றவர்கள். இடைக்காலத்திலும் 16ஆம் நூற்றாண்டிலும் மேட்டுக்குடி ஆண்கள் கொலைக் கணக்கில் தாராளமாக இடம்பெறுகிறார்கள். ஓவியர் காரவாஜியோ 1606 மே 28 அன்று ரோமில் ரனூச்சியோ தோமசோனியைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டே ஓடினார். ஸ்காட்லாந்தில் குலப்பகை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பகையை அரசு நீதிமன்றத்துக்குள் கொண்டுவர 1598இல் அரசர் ஆறாம் ஜேம்ஸ் சட்டம் போட வேண்டியிருந்தது.

பிரான்சில் ஒரு காட்சியை நிதானமாகப் பார்க்கலாம். ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டைக்கு அரசர் தடை விதித்திருந்தார். 1627 மே 12 அன்று, பாரிஸ் நகரின் நடுவே இருக்கும் அரச சதுக்கத்தில், பட்டப்பகலில், மோன்மொரான்சி-பூத்வீல் என்ற பிரபு வேண்டுமென்றே சண்டைக்கு நின்றார். அவருக்குத் துணையாகச் சண்டையில் நின்றவர், எதிராளிக்குத் துணையாக நின்றவரைக் கொன்றார். மன்னிப்பு கேட்டு எத்தனையோ பெரிய இடத்துக் கைகள் நீண்டன. பதின்மூன்றாம் லூயியும் அமைச்சர் ரிஷெலியூவும் அசையவில்லை. ஜூன் 22 அன்று கிரேவ் சதுக்கத்தில் பூத்வீல், அவருக்குத் துணை நின்றவர் இருவர் தலையும் விழுந்தது. வாள்சண்டை அதோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் கழுத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது.

18ஆம் நூற்றாண்டுக்குள் மேல்தட்டு ஆண்கள் இந்தக் கணக்கிலிருந்து பெருமளவு விலகிவிட்டார்கள். அவமானத்துக்கு வழக்குப் போடுவதோ வக்கீலைப் பார்ப்பதோ கௌரவக் குறைவு இல்லை என்றாகிவிட்டது.

பெண்கள்?

கொன்றவர்களில் பெண்கள் எந்த ஊரிலும் 15 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் பெண் கொன்றால் சட்டம் வேறு கண்ணால் பார்த்தது. மனைவியைக் கொன்ற கணவன் சாதாரணக் கொலைகாரன். கணவனைக் கொன்ற மனைவி 'சிறு ராஜத்துரோகி', அவளுக்கு இங்கிலாந்தில் எரித்துக் கொல்லும் தண்டனை. 1351இன் சட்டம் அது. எரிப்பதை 1790இல்தான் நிறுத்தினார்கள். அடித்துத் திருத்துவது கணவனின் உரிமை என்று ஊரே நினைத்த காலத்தில், அடிபட்டுச் செத்த எத்தனை பெண்கள் 'நோயால் இறந்தவர்' ஆனார்கள் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. வீட்டுக்குள் நடக்கும் சாவுக்கு நாலு சாட்சி கிடைப்பதில்லை.

இதைவிட நெஞ்சை அறுப்பது சிசுக்கொலை வழக்குகள். பிரான்சில் 1556, இங்கிலாந்தில் 1624: இரண்டு சட்டங்களும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. மணமாகாத பெண் பிரசவத்தை மறைத்து, குழந்தை செத்துக் கிடந்தால், அவளே கொன்றாள் என்று கொள்ளப்படும். குழந்தை இறந்தே பிறந்தது என்று அவள்தான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். ரகசியமாகப் பெற்றவள் சாட்சிக்கு எங்கே போவாள்? மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரப் பெண்கள். வயிறு தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் தெருதான்.

மெல்ல மெல்ல ஜூரிகளின் மனம் இளகியது. 18ஆம் நூற்றாண்டு லண்டன் நீதிமன்றத்தில், குழந்தைக்காக முன்கூட்டியே துணி தைத்து வைத்திருந்தாள் என்று காட்டினால், மறைக்கும் எண்ணம் இல்லை என்று விடுதலை கிடைத்தது. ஒரு சின்னச் சட்டையும் தொப்பியும் ஓர் உயிரைக் காப்பாற்றின. குழந்தையின் நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனையும் வந்தது. மிதந்தால் மூச்சு விட்டிருக்கிறது, மூழ்கினால் இறந்தே பிறந்தது. 1681இல் ஜெர்மனியின் சைட்ஸ் நகரில் மருத்துவர் ஷ்ரையர் இப்படித்தான் பதினைந்து வயதுப் பெண் ஒருத்திக்காகச் சாட்சி சொன்னார். 1624இன் சட்டம் நீங்கியது 1803இல்.

சாவதற்காகவே கொன்றவர்கள் இருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. டென்மார்க், சுவீடன், வடக்கு ஜெர்மனியில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இது அடிக்கடி வருகிறது. தற்கொலை செய்தால் நரகம் நிச்சயம் என்று நம்பினார்கள். கொலை செய்தால், தூக்கு மேடைக்குப் போகும்முன் மனம் வருந்தி, பாதிரியாரிடம் பாவமன்னிப்புப் பெற்று, சொர்க்கத்துக்குப் போகலாம். யாரைக் கொல்வது? பாவம் அறியாத ஒரு குழந்தையை, அது நேராகச் சொர்க்கம் போய்விடும் என்ற எண்ணத்தில். கொன்றவுடன் அவர்களே போய்ச் சரணடைந்தார்கள்.

தண்டனையைக் கடுமையாக்க ஆக்க இது குறையவில்லை. அவர்கள் தேடி வந்ததே அந்தத் தண்டனையைத்தான். கடைசியில் 1767 டிசம்பரில் டென்மார்க் அரசு இப்படிக் கொன்றவர்களுக்கு மரண தண்டனை இல்லை என்று ஆணையிட்டது. பதிலாக ஆயுள் முழுக்கக் கடும் உழைப்பு, அவமானம். தூக்குக் கயிறு எல்லாக் கொலையையும் தடுக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்த ஆணைதான் என் நினைவுக்கு வரும்.

துப்பாக்கி வந்ததால் கொலை கூடவில்லையா?

கூடவில்லை. துப்பாக்கிச் சாவுகளின் பங்கு மெல்ல ஏறியது, மொத்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது.

சரி, ஏன் குறைந்தது?

ஒற்றைக் காரணம் தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான். நார்பெர்ட் எலியாஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1939இல் முன்வைத்த விளக்கத்தைத்தான் இன்றும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்: அரசு வலுத்தது, வன்முறை அதன் ஏகபோக உரிமையானது, அரசவையில் பிழைக்க வேண்டிய பிரபுக்கள் கோபத்தை அடக்கப் பழகினார்கள், அந்தப் பழக்கம் கீழே பரவியது. இதில் விஷயம் இருக்கிறது. பூத்வீலின் தலை விழுந்தது அதற்குச் சாட்சி.

ஆனால் எனக்கு இது போதவில்லை. நெதர்லாந்தில் பெரிய மன்னர் யாரும் கிடையாது, ஒவ்வொரு நகரமும் தன்னைத் தானே ஆண்டது, அங்கே கொலை சீக்கிரமே குறைந்தது. இத்தாலிய நகரங்களில் நீதிபதிகளுக்கும் சட்டப் புத்தகங்களுக்கும் பஞ்சமே இல்லை, அங்கே அவ்வளவு சீக்கிரம் குறையவில்லை. வெறும் அதிகாரம் போதாது. அவமானப்பட்டவன் 'நீதிமன்றத்துக்குப் போனால் நியாயம் கிடைக்கும்' என்று நம்ப வேண்டும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரண்டால்ஃப் ராத் வலியுறுத்துவது இதைத்தான்: ஆட்சி நம்முடையது என்ற எண்ணம் இருக்கும்போது கொலை குறைகிறது, அது உடையும்போது ஏறுகிறது. எழுத்தறிவு, புரொட்டஸ்டன்ட் மதத்தின் சுயகட்டுப்பாடு, வாளை இடுப்பில் தொங்கவிடும் பழக்கம் மறைந்தது எல்லாமே பங்களித்திருக்கும்.

ஒன்று மட்டும் தெளிவு. குறைந்தது பெரும்பாலும் ஆண்கள் ஆண்களைக் கொன்றதுதான். வீட்டுக்குள் நடந்த கொலைகள் அந்த வேகத்தில் குறையவில்லை. அதனால் மொத்தம் சுருங்கச் சுருங்க, கொல்லப்பட்டவர்களில் மனைவி, காதலி, குழந்தை ஆகியோரின் பங்கு பெரிதாகிக்கொண்டே வந்தது.

மார்லோவின் சாவில் சதி இருந்தது என்கிறார்களே?

சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. அந்த அறையில் இருந்த ராபர்ட் போலி அரசின் உளவு வேலை பார்த்தவர். மே 18 அன்று மார்லோவை அழைத்துவர அரசவை ஆணையிட்டிருந்தது, சாகும்போது அவர் அதன் முன் தினமும் வந்து நிற்க வேண்டிய நிலையில் இருந்தார். ஜூரிகள் 16 பேரும் காயத்தைத்தான் கண்ணால் பார்த்தார்கள். சண்டை எப்படித் தொடங்கியது என்பதை உயிரோடு எஞ்சிய மூன்று பேர்தான் சொன்னார்கள். ஃப்ரைசரின் தலைக்காயங்களையும் அளந்து எழுதியிருக்கிறார்கள், அவை யார் கையால் வந்தவை என்பதற்கும் அந்த மூவரின் பேச்சைத் தவிர ஆதாரம் இல்லை. இதே குறை அன்றைய பெரும்பாலான கொலைப் பதிவுகளுக்கும் உண்டு.

மன்னிப்புக்குப் பிறகு ஃப்ரைசர் தன் பழைய முதலாளி தாமஸ் வால்சிங்கமிடமே வேலைக்குத் திரும்பினார். பின்னர் எல்தம் ஊரில் குடியேறி, அங்கே தேவாலய நிர்வாகியாகவும் இருந்து, 1627இல் இறந்தார்.